மரேயின் வெள்ளைக் கோடுகளும் என் இடது கையும்

முழங்கால் ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் ஆகிறது. விசாரித்த நண்பர்கள் எல்லாருக்கும் நன்றி. வீட்டுக்குள் கைத்தடி இல்லாமல் நடக்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் பிசியோதெரபி. அங்கே இருக்கும் பெண் என் பேத்தியைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். ஆனால் வேலையில் வெகு கறார்.

போன மாதம் ஒரு நாள் என் இடுப்பு, முழங்கால், கணுக்கால், தோள், முழங்கை என்று மூட்டுக்கு மூட்டு வெள்ளையாகச் சின்னப் பொட்டு ஒட்டினாள். வராந்தாவில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடக்கச் சொல்லி, செல்போனில் பக்கவாட்டில் நின்று படம் எடுத்தாள். பிறகு அதை மெதுவாக ஓட்டிக் காட்டினாள். முழங்கால் பரவாயில்லை என்றாள். அதோடு விட்டிருக்கலாம். மறுபடியும் ஓட்டிப் பார்த்துவிட்டு, "சார், இடது கையை ஏன் ஆட்டாமலே நடக்கிறீங்க?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. டாக்டரிடம் சொல்கிறேன் என்றாள். டாக்டர், எதற்கும் ஒரு நரம்பியல் நிபுணரைப் பார்த்துவிடுங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். ஒரு பக்கத்துக் கை மட்டும் ஆடாமல் போவது பார்க்கின்சன் நோயின் ஆரம்ப அடையாளமாக இருக்கலாமாம். 74 வயதில் இப்படி ஒரு சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவது எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. நோயைப் பற்றி யோசிப்பதற்குப் பதிலாக அந்த வெள்ளைப் பொட்டுகளைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். அவற்றை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன். விடியற்காலையில்தான் ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு இயற்கை விஞ்ஞானம் எடுத்த மிஸ்யே ஒரு தடிமனான பிரெஞ்சுப் புத்தகத்தில் ஒரு படம் காட்டினார். கருப்புப் பின்னணி. அதில் வெள்ளைக் கோடுகள், விரித்த பனையோலை விசிறி மாதிரி, ஒன்றன்பின் ஒன்றாக. "இது என்ன?" என்று கேட்டார். ஒருவன் புல் என்றான், ஒருவன் மீன்முள் என்றான். "ஒரு மனிதன் நடந்து போகிறான்" என்றார் அவர். எங்களால் நம்ப முடியவில்லை.

அந்தப் படத்தை எடுத்தவர் எத்தியேன் ழூல் மரே. (பிரெஞ்சு 'ழி' எழுத்துக்கு எங்கள் ஊரில் 'ழ' போட்டு எழுதுவோம். வெளியூர் நண்பர்கள் பொறுத்துக்கொள்ளவும்.) இந்த ஒரு மாதமாகக் கையில் கிடைத்ததை எல்லாம் படித்தேன். சீட்டை மறக்க அது உதவியது.

மரே 1830 மார்ச் 5-ஆம் தேதி பூர்கோஞ் பகுதியில் போன் என்ற ஊரில் பிறந்தார். ஒயினுக்குப் பெயர் போன ஊர். அப்பாவும் ஒயின் வியாபாரக் கடையில்தான் வேலை பார்த்தார். பையனுக்கு இயந்திரங்கள் மேல் ஆசை. அப்பாவுக்கோ அவனை டாக்டராக்க ஆசை. அப்பா சொன்னதுதான் நடந்தது. பாரீசுக்குப் போய் மருத்துவம் படித்தார். ஆனால் ஆசை எங்கே போகும்? டாக்டரான பிறகும் இயந்திரம்தான் செய்துகொண்டிருந்தார்.

அவர் முதலில் கைவைத்தது நாடி. நம் ஊர் வைத்தியர் மூன்று விரலை வைத்து வாதம், பித்தம், கபம் என்று சொல்லுவார். அது அவர் விரலுக்குத்தான் தெரியும், நமக்குத் தெரியாது. மரே என்ன செய்தார் என்றால், மணிக்கட்டு நாடியின் மேல் ஒரு மெல்லிய நெம்புகோலை வைத்தார். நாடி எழும்போது அதுவும் எழும். அதன் நுனி, கரி படிந்த காகிதத்தின்மேல் கோடு இழுத்துக்கொண்டே போகும். 1860 வாக்கில் செய்த கருவி இது. வைத்தியரின் விரலுக்கு மட்டும் தெரிந்த ரகசியம் காகிதத்தில் எல்லாரும் பார்க்கிற கோடாகிவிட்டது. இன்று ஆஸ்பத்திரியில் ஓடுகிற பச்சைக் கோடுகளுக்கு இது பாட்டன் முறை.

மரேயின் வாழ்நாள் வேலை முழுவதையும் இந்த ஒரு கருவியிலேயே பார்த்துவிடலாம். கண்ணையும் விரலையும் அவர் நம்பவில்லை. அசைகிற எதுவும் தன் கதையைத் தானே எழுதட்டும் என்பது அவர் கட்சி. பழைய நாடகக் கொட்டகை ஒன்றைப் பிடித்து, மேடை இருந்த இடத்தில் ஆய்வுக்கூடம் போட்டார். 1869-இல் கொலேழ் தெ பிரான்சில் பேராசிரியர் ஆனார்.

அடுத்தது நடை. மனிதன் நடக்கும்போதும் ஓடும்போதும் கால் எப்போது தரையில் படுகிறது, எப்போது விடுகிறது? இதற்கென்று ஒரு செருப்பு செய்தார். ரப்பர் அடிப்பாகத்துக்குள் காற்றறை. கால் மிதித்ததும் காற்று ஒரு குழாய் வழியாக ஓடி, நடப்பவன் கையில் வைத்திருக்கும் கருவியின் முள்ளைத் தூக்கும். இடது காலுக்கு ஒரு கோடு, வலது காலுக்கு ஒரு கோடு. நடக்கும்போது எப்போதும் ஏதாவது ஒரு கால் தரையில் இருக்கும், நடுவில் கொஞ்ச நேரம் இரண்டும் இருக்கும். ஓடும்போது இரண்டுமே தரையில் இல்லாத நேரம் உண்டு. இதெல்லாம் அந்தக் கோடுகளில் தெரிந்தது. அதே வித்தையைக் குதிரைக் குளம்பிலும் கட்டினார். பாய்ச்சலில் நாலு காலும் தரையைவிட்டு எழும்பும் நேரம் உண்டு என்று 1873-இல் வெளிவந்த தன் புத்தகத்தில் எழுதினார்.

இந்த விஷயம் அட்லாண்டிக் தாண்டி கலிபோர்னியாவின் முன்னாள் கவர்னர் ஸ்டான்போர்டை எட்டியது. ரயில்வே முதலாளி, குதிரைப் பைத்தியம். இருபத்தையாயிரம் டாலர் பந்தயம் கட்டினார் என்று ஒரு கதை இன்றைக்கும் சொல்கிறார்கள். அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரரை வேலைக்கு அமர்த்தினார் என்பது உண்மை. 1878 ஜூன் மாதம் பாலோ ஆல்டோவில் பந்தயப் பாதை ஓரமாகப் பன்னிரண்டு காமிராக்களை வரிசையாக வைத்து, குறுக்கே நூல் கட்டி, குதிரை அறுத்துக்கொண்டு ஓட ஓட ஒவ்வொரு காமிராவும் படம் எடுக்கும்படி செய்தார். நாலு காலும் தரையைவிட்டு எழும்பத்தான் செய்தன. ஆனால் ஓவியர்கள் வரைகிற மாதிரி முன்கால் முன்னேயும் பின்கால் பின்னேயும் நீட்டிக்கொண்டு அல்ல. வயிற்றுக்கு அடியில் நாலும் ஒன்றாக மடங்கியிருக்கும்போதுதான். லூவ்ரில் தொங்கும் ழெரிக்கோவின் குதிரைப் பந்தய ஓவியம் அன்றோடு பொய்யாகிவிட்டது. பாவம் ஓவியர்கள். ஆனாலும் அந்தப் படத்தில் உள்ள குதிரைகள்தான் ஓடுகின்றன, மைபிரிட்ஜின் குதிரை உறைந்து நிற்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

மைபிரிட்ஜ் தனிக் கதை. இங்கிலாந்துக்காரர். மனைவியின் காதலனை 1874-இல் சுட்டுக் கொன்றுவிட்டு, ஜூரி விடுதலை செய்ய, திரும்ப வந்து காமிராவைத் தூக்கியவர். மரேயும் அவரும் ஐந்து வார இடைவெளியில் பிறந்து (1830), ஒரே வார இடைவெளியில் இறந்தார்கள் (1904 மே மாதம்). இருவருக்கும் பெயரின் முதலெழுத்துகள்கூட ஒன்றுதான். ஜோசியக்காரர்கள் விளக்கட்டும்.

'லா நத்யூர்' என்ற பிரெஞ்சு விஞ்ஞானப் பத்திரிகையில் குதிரைப் படங்களைப் பார்த்த மரே அசந்து போனார். 1881-இல் மைபிரிட்ஜ் பாரீஸ் வந்தபோது தன் வீட்டிலேயே விருந்து வைத்தார். ஆனால் அவர் கொண்டுவந்த பறவைப் படங்கள் மரேக்குப் போதவில்லை. பன்னிரண்டு காமிரா என்றால் பன்னிரண்டு இடத்திலிருந்து பார்ப்பது. நூல் அறுவதும் சம இடைவெளி நேரத்தில் நடக்காது. ஒரே இடத்திலிருந்து, சம நேரத்துக்கு ஒரு படம் வேண்டும். அப்போதுதான் அளக்க முடியும்.

இங்கே நம் பக்கத்துச் சங்கதி ஒன்று வருகிறது. ழான்சென் என்ற வானியலாளர் 1868 ஆகஸ்ட் 18-ஆம் தேதி முழு சூரிய கிரகணத்தைப் பார்க்க நம் சென்னை மாகாணத்தில் குண்டூருக்கு வந்து தங்கியிருந்தார். சூரியனின் விளிம்பிலிருந்து எழும் தீ நாக்குகளை, கிரகணம் இல்லாத நாளிலும் பார்க்கலாம் என்று அங்கேதான் கண்டுபிடித்தார். அதே மனிதர் 1874-இல் சூரியனுக்குக் குறுக்கே வெள்ளிக் கிரகம் போவதைப் படமெடுக்க ஜப்பான் போனார். அதற்காகத் தட்டு சுழன்று சுழன்று வரிசையாகப் படமெடுக்கும் ஒரு கருவியைச் செய்வித்தார். கைத்துப்பாக்கியில் குண்டறை சுழலும் இல்லையா, அந்த முறை. மரே அந்த யோசனையைப் பிடித்துக்கொண்டு, 1882-இல் துப்பாக்கி போலவே தோளில் வைத்து, விசையை இழுத்தால் ஒரு விநாடியில் 12 படம் எடுக்கும் காமிராவைச் செய்துவிட்டார். ஒவ்வொரு படத்துக்கும் விநாடியில் 720-இல் ஒரு பங்கு நேரம்தான் வெளிச்சம். நேப்பிள்சுக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு வீடு உண்டு. குளிர்காலம் அங்கேதான். கடற்கரையில் ஒரு பெரியவர் பறவைகளைக் குறிபார்ப்பார், சுட மாட்டார், ஒன்றும் விழாது, சந்தோஷமாக வீடு திரும்புவார். ஊர்க்காரர்கள் அவருக்குப் பைத்தியக்காரர் என்று பெயர் வைத்துவிட்டார்களாம்.

அதே 1882-இல் பாரீஸ் நகரசபை புவா தெ புலோஞ் காட்டோரம் அவருக்கு நிலம் கொடுத்தது. வட்டமான 500 மீட்டர் ஓட்டப் பாதை, ஓரமாக உள்ளே கருப்புத் துணி விரித்த ஆழமான கொட்டகை, அதற்கு எதிரே தண்டவாளத்தில் நகரும் காமிரா அறை. கருப்புக்கு முன்னால் வெள்ளை உடை அணிந்தவன் நடப்பான். காமிராவுக்குள் ஓட்டை போட்ட தட்டு சுழலும். ஒவ்வொரு ஓட்டை கடக்கும்போதும் ஒரே கண்ணாடித் தகட்டில் ஓர் உருவம் விழும். ஆனால் ஒரு சிக்கல். மெதுவாக நடந்தால் உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பிவிடும்.

இதற்கு அவர் கண்ட வழிதான் எங்கள் மிஸ்யே காட்டிய படம். ஆளுக்குத் தலை முதல் கால்வரை கருப்பு உடை மாட்டினார். முகத்தையும் மூடினார். கை நெடுக, கால் நெடுக வெள்ளைப் பட்டை, மூட்டுகளில் பளபளக்கும் பொட்டு. இப்போது ஆள் மறைந்துபோனான், அசைவு மட்டும் மிஞ்சியது. நம் பிசியோதெரபிப் பெண் செய்தது இதைத்தான். அவள் மரே பெயரைக் கேள்விப்பட்டதில்லை என்றாள்.

நடந்து காட்டியவர்களில் பலர் ழுவான்வீல் ராணுவ உடற்பயிற்சிப் பள்ளி வீரர்கள். 1870-இல் ஜெர்மானியரிடம் தோற்ற அவமானம் பிரான்சுக்கு ஆறவில்லை. சிப்பாய் களைத்துப் போகாமல் அதிக தூரம் நடப்பது எப்படி என்பது அரசாங்கத்தின் கவலை. மணி அடித்து, அடிவேகத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தார்கள். வேகம் கூடினால் அடியின் நீளமும் கூடுகிறது, ஓர் அளவுக்குமேல் போனால் அடி குறுகிவிடுகிறது. குதிகால் தாழ்ந்த பூட்ஸ் போட்டால் அடி நீளும். முதுகில் சுமை ஏறினால் குறையும்.

இதைப் படித்தபோது என் தகப்பனார் நினைவு வந்தது. அவர் சொல்தா. பிரெஞ்சுப் படையில் பதினைந்து வருஷம், கடைசியில் இந்தோ-சீனா. ஓய்வு பெற்று வந்தபிறகும் கடற்கரைச் சாலையில் அவர் நடக்கிற நடை அளந்து வைத்தது போல இருக்கும். ஜூலை 14-ஆம் தேதி போர் நினைவுச் சின்னத்துக்குப் பதக்கம் குத்திக்கொண்டு போவார். பக்கத்தில் நான் ஓடிக்கொண்டே போவேன்.

அந்த நிலையத்தைத் தினப்படி நடத்தியவர் மரே அல்ல. அவருடைய உதவியாளர் ழோர்ழ் தெமெனி. குளிர்காலம் முழுவதும் மரே நேப்பிள்சிலிருந்து கடிதத்தில் இதைச் செய், அதைச் செய் என்று எழுதுவார், தெமெனி செய்வார். படங்களில் நடந்து காட்டுபவரும் சில சமயம் தெமெனியே. 1888-இல் கண்ணாடிக்குப் பதிலாகக் காகிதச் சுருளிலும், இரண்டு வருஷத்தில் செல்லுலாய்டு சுருளிலும் படம் எடுக்க ஆரம்பித்தார்கள். 1891-இல் தெமெனி தன் முகத்தையே அருகில் வைத்து, "உன்னைக் காதலிக்கிறேன்" என்றும் "பிரான்சு வாழ்க" என்றும் சொல்லும் உதடுகளைப் படமெடுத்தார். காது கேளாதவர்களுக்கு உதடு பார்த்துப் பேச்சைக் கற்றுக்கொடுக்க. படங்களை வட்டத் தட்டில் பதித்துச் சுழற்றிக் காட்டவும் ஒரு கருவி செய்தார். இதை விற்றால் பணம் வரும் என்று அவருக்குத் தோன்றியது. கம்பெனியும் ஆரம்பித்தார். மரேக்கு அது பிடிக்கவில்லை. 1894-இல் தெமெனி வெளியேற வேண்டியதாயிற்று.

அறிஞர்கள் பெரும்பாலும் மரே பக்கம். எனக்குத் தெமெனி மேல்தான் பரிதாபம். முப்பத்து மூன்று வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். கோப்பைப் படித்து, விதி தேடி, வரைவு எழுதுபவன் ஒருவன். கையெழுத்துப் போடுபவன் ஒருவன். ஒரு முறை நான் மூன்று வாரம் உட்கார்ந்து எழுதிய குறிப்புக்கு மேலதிகாரி ஒருவருக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. அதைத் தட்டச்சு செய்து கோப்பில் சேர்க்கும் வேலையும் எனக்கே வந்தது. ஆனால் மரேயிடம் அந்தக் குறை சொல்ல முடியாது. தெமெனியின் பெயரை அவர் கட்டுரைகளில் சேர்த்தேதான் போட்டார். பணம் பண்ணும் ஆசைதான் அவருக்கு ஒத்துவரவில்லை.

தெமெனி போன வருஷம்தான் பூனைப் படமும் வந்தது. பூனையைத் தலைகீழாகப் பிடித்து விட்டால் காலில்தான் விழும் என்பது ஊரறிந்தது. பிடிமானம் எதுவும் இல்லாமல் அந்தரத்தில் தானாகத் திரும்ப முடியாது என்று பௌதிக மேதைகள் வாதித்தார்கள். விடும்போது கையை உதைத்துத் திரும்புகிறது என்றார்கள். மரேயின் சுருளில் பூனை கையைவிட்ட பிறகுதான் திரும்புகிறது. முன்கால்களை மடக்கிக்கொண்டு பின்கால்களை நீட்டி முன்பாதியைத் திருப்புகிறது, பிறகு முன்னதை நீட்டிப் பின்னதை மடக்கிப் பின்பாதியை. விஞ்ஞான அகாதெமியில் பெரிய சர்ச்சை. பூனைக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. 1895-இல் பாரீசில் ஆப்பிரிக்க மனிதர்களையே கொண்டுவந்து காட்சிக்கு வைத்தார்கள். அங்கே போய் ரெஞ்ஞோ என்ற டாக்டர் மரேயின் முறைப்படி ஒரு வொலோஃப் பெண் பானை வனைவதைப் படமெடுத்தார். ஆப்பிரிக்கர்கள் நடப்பது, ஓடுவது, குந்துவது என்று எடுத்துக்கொண்டே போனார். இனத்துக்கு இனம் நடை எப்படி மாறுகிறது என்று அட்டவணை போடுவது அவர் எண்ணம். படத்தில் தெமெனிக்குப் பெயர் உண்டு. அந்தப் பெண்ணுக்கு இனப்பெயர் மட்டும்தான். என் தகப்பனாரின் ராணுவப் புத்தகம் என்னிடம் இருக்கிறது. அதிலும் உயரம், மூக்கு, நெற்றி, தனி அடையாளம் என்று கட்டம் கட்டமாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் மேலே பெயர் இருக்கிறது. அதை இந்த மாதம் எடுத்துப் பார்த்தபோது 'தனி அடையாளம்' என்ற இடத்தில் இடது தோளில் தழும்பு என்று இருந்தது. அதைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

லைப்சிக்கில் பிரவுன், ஃபிஷர் என்ற இருவர் 1891-இல் ஒருவன் உடம்பில் மின்சாரத்தால் ஒளிரும் கண்ணாடிக் குழாய்களைக் கட்டி, இருட்டில் நடக்கவிட்டு நாலு காமிராவால் எடுத்தார்கள். நடந்தது சில அடிகள். கணக்குப் போட்டது பல வருஷம். பிரவுன் நடுவிலேயே இறந்துபோனார், ஃபிஷர் 1904 வரை எழுதிக்கொண்டே இருந்தார்.

சினிமா 1895 டிசம்பரில் வந்தது, லூமியேர் சகோதரர்களால். மரேக்கு அதில் அக்கறை இல்லை. கண்ணால் பார்க்கிறதையே திரும்பக் காட்டுவதில் என்ன இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாததைக் காட்ட வேண்டும் என்பது அவர் எண்ணம். வேகத்தைக் குறைத்துக் காட்டினால்தான் அவருக்குத் திருப்தி. அவர் இடம் இருந்த பக்கம்தான் இன்று ரோலான் காரோஸ் டென்னிஸ் மைதானம். கடைசியாக நின்ற கட்டடத்தையும் மைதானத்தை விரிவாக்க இடித்துவிட்டார்கள். அங்கே இப்போது பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று அது மண்ணில் விட்ட தடத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள்.

இனி என் கதை. நரம்பியல் டாக்டர் விரலைத் தட்டச் சொன்னார், மணிக்கட்டை மடக்கிப் பார்த்தார், எழுதச் சொன்னார். கை நடுங்கவில்லை, எழுத்து சிறுத்துப்போகவில்லை. "எப்போதிலிருந்து இப்படி?" என்றார். அதுதானே தெரியவில்லை. வீட்டில் தேடி, இருபது வயதில் நான் கடற்கரையில் நடக்கும் புகைப்படம் ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். இடது கை உடம்போடு ஒட்டியிருந்தது. அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஒரு போட்டோவில் என்ன ஐயா தெரியும்? கை ஆடும்போது நடுவில் எல்லாருக்கும் ஒரு தடவை இங்கேதான் இருக்கும்" என்றார். எனக்கு மரே நேரில் வந்து பேசுகிற மாதிரி இருந்தது.

என் கல்யாணத்துக்கு, 1979-இல், பாரீசிலிருந்து விடுமுறையில் வந்த பெரியப்பா மகன் சின்ன மூவி காமிரா ஒன்று வைத்திருந்தார். மறுநாள் எங்கள் இருவரையும் கடற்கரைச் சாலையில் நடக்கவிட்டு எடுத்தார். அண்ணன் இப்போது இல்லை. அவர் மகள் அந்தச் சுருளைக் கணினிக்கு மாற்றி அனுப்பி வைத்தாள். ஒன்றரை நிமிஷம், சத்தம் இல்லை. என் மனைவி வெட்கப்பட்டுக்கொண்டு குனிந்தே நடக்கிறாள். நான் நிமிர்ந்து, வலது கையை வீசிக்கொண்டு, இடது கையைத் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு போகிறேன். எட்டு அடி, பத்து அடி, பதினைந்து அடி எண்ணிப் பார்த்தேன். ஒரு தடவைகூட அந்தக் கை ஆடவில்லை.

அப்பாவுக்கு அந்தத் தோளில் குண்டு பட்டது இந்தோ-சீனாவில். அவருக்கு அந்தக் கை ஆடாது. நான் பக்கத்தில் ஓடிய பிள்ளை.

டாக்டர் அந்தப் படத்தை இரண்டு தடவை போட்டுப் பார்த்தார். மருந்து எதுவும் எழுதவில்லை. இருந்தாலும் ஆறு மாதம் கழித்து ஒரு முறை வந்து காட்டிவிட்டுப் போங்கள் என்றார். தை மாதம் போக வேண்டும்.